விண்கணக்கர்கள் – 11: எழுத்துகளால் நிலவைப் பிடித்தவர்

1836ஆம் ஆண்டு பாரிஸ் எக்கோல் பாலிடெக்னிக்கில் முதல் மாணவராகத் தேறியவர் இருபது வயது ஷார்ல் யூஜீன் தெலோனே. அந்தப் பள்ளியில் ஒரு புதிய பரிசு அந்த ஆண்டுதான் தொடங்கியது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் காலமான லாப்லாஸின் மனைவி ஏற்படுத்திய பரிசு அது. ஆண்டுதோறும் முதலிடம் பெறும் மாணவருக்குத் தம் கணவரின் நூல்கள் அனைத்தையும் கொடுக்க வேண்டும் என்பது அந்த அம்மையாரின் ஏற்பாடு. அதை முதன்முதலில் வாங்கியவர் தெலோனே.

சூரியக் குடும்பம் யாருடைய கையும் படாமல் தானே நிலைத்து நிற்கும் என்று லாப்லாஸ் கணக்குப் போட்டுக் காட்டியதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். அந்தக் கணக்குகள் அடங்கிய ஐந்து தொகுதி ‘வான் இயக்கவியல்’ ஓர் இளைஞனின் மேசைக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது. அதைப் படித்துத்தான் தெலோனே இந்தத் துறைக்குள் வந்தார். இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, லாப்லாஸின் புகழ்பெற்ற முடிவுகளில் ஒன்று பாதியளவுதான் சரி என்று பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் சொல்ல வேண்டிய பொறுப்பும் அவர் தலையிலேயே விழுந்தது.

ஷாம்பேன் பகுதியில் துருவா நகரத்துக்கு அருகிலுள்ள லூசிஞி என்ற சிற்றூரில் 1816 ஏப்ரல் 9 அன்று பிறந்தவர் தெலோனே. படித்தது சுரங்கப் பொறியியல். பிழைப்புக்குக் கற்பித்தது இயந்திரவியல். அவர் எழுதிய இயந்திரவியல், வானியல் பாடநூல்கள் பல பதிப்புகள் கண்டன. 1841இல் வடிவியலில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். ஒரு நீள்வட்டத்தை நேர்கோட்டின்மேல் உருட்டினால் அதன் குவியம் ஒரு வளைகோட்டை வரையும். அந்த வளைகோட்டைச் சுழற்றினால் எங்கும் ஒரே சராசரி வளைவுள்ள பரப்பு கிடைக்கும் என்று அதில் நிறுவினார். சோப்புப் படலங்களை ஆராய்பவர்கள் இன்றும் அவற்றை ‘தெலோனே பரப்புகள்’ என்றே அழைக்கிறார்கள். வேறொருவருக்கு அந்த ஒரு கட்டுரையே வாழ்நாள் பெயருக்குப் போதும். தெலோனே அதோடு அந்தப் பக்கமே திரும்பாமல் நிலவுக்குப் போய்விட்டார்.

அவர் அந்தப் பணியைத் தொடங்கியபோது நிலவைப் பற்றி எவ்வளவு தெரிந்திருந்தது, எவ்வளவு தெரியாமலிருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். பூமியும் நிலவும் மட்டும் இருந்திருந்தால் கதை நியூட்டனோடு முடிந்திருக்கும். நிலவு ஒரே நீள்வட்டத்தில், மாறாத தளத்தில், என்றென்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் நிலவைச் சூரியனும் இழுக்கிறது. பூமி நிலவை இழுப்பதைவிடச் சூரியன் நிலவை இழுக்கும் விசை இரண்டு மடங்குக்கும் அதிகம் என்பதைப் பலரும் நம்ப மறுப்பார்கள், உண்மை அதுதான். பூமியையும் சூரியன் ஏறத்தாழ அதே அளவு இழுப்பதால்தான் நிலவு நம்மைவிட்டுப் போகாமல் இருக்கிறது. இரண்டு இழுப்புகளுக்கும் உள்ள சிறு வேறுபாடு எஞ்சி நிற்கிறது. அது நிலவின் பாதையை ஓயாமல் நெளிக்கிறது. நிலவு பூமிக்கு மிக அருகில் வரும் அண்மைப்புள்ளி ஒன்பது ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் வானை ஒருமுறை சுற்றி வருகிறது. நிலவின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளை நம் பஞ்சாங்கங்கள் ராகு, கேது என்கின்றன. அவை 18.6 ஆண்டுகளில் எதிர்த்திசையில் ஒரு சுற்றை முடிக்கின்றன. இவற்றோடு சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கணக்கான அசைவுகள் உண்டு.

இந்த அசைவுகளைக் கணக்கிட இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தொடக்கத்திலேயே எண்களைப் போட்டுவிடுவது. நிலவுப் பாதையின் நீள்மை இவ்வளவு, சாய்வு இவ்வளவு, ஆண்டின் நீளம் இவ்வளவு என்று வைத்துக்கொண்டு கூட்டிப் பெருக்கிக்கொண்டே போவது. ஜெர்மனியின் கோத்தா நகரில் பீட்டர் ஆண்ட்ரியாஸ் ஹான்சன் இப்படித்தான் செய்தார். அவருடைய நிலவு அட்டவணைகளை 1857இல் பிரிட்டிஷ் அரசு தன் செலவில் அச்சிட்டது. கப்பலோட்டிகளுக்குத் தேவைப்பட்டது அதுதான்: இன்ன நாளில் இன்ன மணிக்கு நிலவு எங்கே என்ற எண்.

தெலோனே மற்ற வழியைத் தேர்ந்தார். கடைசி வரை எண்ணையே போடுவதில்லை. நீள்மைக்கு ஓர் எழுத்து, சாய்வுக்கு ஓர் எழுத்து, பூமிப் பாதையின் நீள்மைக்கு ஓர் எழுத்து, சூரியனின் சராசரி வேகத்துக்கும் நிலவின் சராசரி வேகத்துக்கும் உள்ள விகிதத்துக்கு ஓர் எழுத்து. விடை முழுவதும் இந்த எழுத்துகளின் அடுக்குகளும் அவற்றின் முன்னால் பின்னங்களுமாக வரும். அண்மைப்புள்ளியின் சுழற்சியையே எடுத்துக்கொள்வோம். அதற்கான தொடரில் வேக விகிதத்தின் இரண்டாம் அடுக்குக்கு முன்னால் 3/4 வரும். மூன்றாம் அடுக்குக்கு 225/32, நான்காம் அடுக்குக்கு 4071/128, ஐந்தாம் அடுக்குக்கு 265493/2048. இந்தப் பின்னங்களில் தோராயம் எதுவும் இல்லை. எந்த அளவீடு எப்படித் திருத்தப்பட்டாலும் அவை மாறுவதில்லை.

எண்ணில் வரும் விடை, நிலவு இங்கே இருக்கிறது என்பதோடு நின்றுவிடும். எழுத்தில் வரும் விடை, எந்தக் காரணத்தால் எவ்வளவு நகர்ந்து இங்கே வந்தது என்பதையும் தன்னோடு கொண்டுவரும். இன்னொரு நன்மை அதைவிடப் பெரிது என்பது என் எண்ணம்: எழுத்துக் கணக்கை இன்னொருவர் வேறு வழியில் போட்டு, உறுப்புக்கு உறுப்பு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்த ஒரு குணம்தான் பின்னால் பெரியதொரு சண்டையைத் தீர்த்து வைத்தது.

தம் புதிய முறையின் கருவை அவர் அறிவியல் கழகத்துக்குத் தெரிவித்தது 1846இல். யுரேனஸின் தடுமாற்றத்திலிருந்து லெ வெரியே ஒரு கோளின் இடத்தைக் கணித்துச் சொல்ல, செப்டம்பர் 23 இரவு பெர்லினில் காலே தொலைநோக்கியில் நெப்டியூனைக் கண்டுபிடித்த அதே ஆண்டு. லெ வெரியே ஒரே இரவில் ஐரோப்பா முழுவதும் அறிந்த பெயரானார். தெலோனே ஒரு கணக்கைப் போட உட்கார்ந்தார். எழுந்தபோது இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன.

முறை எளிமையானது. சூரியனின் குறுக்கீட்டை முழுக்க எழுதினால் மிக நீண்ட கோவை ஒன்று கிடைக்கும். ஒவ்வோர் உறுப்பும் ஒவ்வொரு கால இடைவெளியில் ஏறி இறங்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாகத் தீர்க்க இயலாது. ஆனால் ஒரே ஓர் உறுப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கிவிட்டால் தீர்த்துவிட முடியும் என்று தெலோனே கண்டார். அந்தத் தீர்வைக் கொண்டு மாறிகளையே மாற்றி அமைத்தால் அந்த உறுப்பு கோவையிலிருந்து மறைந்துவிடும். பிறகு அடுத்த உறுப்பு, அதற்கடுத்தது. களை பிடுங்குவதைப் போலத்தான். ஒன்றைப் பிடுங்கும்போது அதன் வேர் மண் பக்கத்துப் பாத்திகளில் எல்லாம் சிதறும். நீக்கப்பட்ட ஒவ்வோர் உறுப்பும் மிச்சமிருக்கும் உறுப்புகளின் பின்னங்களையெல்லாம் மாற்றிவிட்டுத்தான் போகும். ஆகவே ஒவ்வொரு நீக்கத்துக்குப் பிறகும் கோவை முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். இதை அவர் நூற்றுக்கணக்கான முறை செய்தார். சிறு அளவுகளின் ஏழாம் வரிசை வரை எல்லாவற்றையும், சில இடங்களில் ஒன்பதாம் வரிசை வரையும் கொண்டுபோனார்.

உதவியாளர் இல்லை. கணக்குப் பொறி இல்லை. பத்தாண்டு கணக்குப் போட்டார். இன்னொரு பத்தாண்டு போட்டதைச் சரிபார்த்தார். ‘நிலவின் இயக்கக் கோட்பாடு’ முதல் தொகுதி 1860இல் வந்தது, இரண்டாவது 1867இல். ஒவ்வொன்றும் 900 பக்கங்களை ஒட்டியது. உரைநடை கொஞ்சமாகத்தான் வரும். ஒரே கோவை பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். முதல் தொகுதி அச்சேறுவதற்கு முன்பே அதிலுள்ள கணக்குக்கு வேலை வந்துவிட்டது.

பழைய கிரகணக் குறிப்புகளைத் தம் கால அவதானிப்புகளோடு ஒப்பிட்ட எட்மண்ட் ஹாலி, நிலவின் வேகம் நூற்றாண்டுகளாக மெல்லக் கூடிவருகிறது என்று 1695இலேயே ஐயப்பட்டார். 1749இல் ரிச்சர்ட் டன்தார்ன் அதற்கு ஓர் அளவு சொன்னார்: முதல் நூற்றாண்டில் நிலவு இருக்க வேண்டிய இடத்தைவிட 10 விகலை முன்னால் நிற்கும், இரண்டு நூற்றாண்டில் நான்கு மடங்கு, மூன்றில் ஒன்பது மடங்கு. ஒரு பாகையில் 3,600 விகலை என்றால் இது எவ்வளவு நுண்ணிய வேறுபாடு என்பது புரியும். ஆனால் இருபது நூற்றாண்டுக்கு அது 400 மடங்காகும். கிரகணம் ஓர் ஊரில் தெரியுமா தெரியாதா என்பதையே மாற்றிவிடும்.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. வெள்ளி இடைநகர்வைப் பார்க்க வந்து, 1769இல் மேகம் மறைத்துவிட, பாண்டிச்சேரியில் தங்கியிருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழான்தீல், சோழிகளை வைத்துச் சந்திர கிரகணம் கணிக்கும் முறையை அங்கே ஒரு தமிழ்க் கணிதரிடம் கற்றுக்கொண்டார். அவர் கொண்டுபோன, ஐரோப்பியர் ‘திருவலூர் அட்டவணை’ என்று குறித்த திருவாரூர் மரபுக் கணக்குகளைப் பாரிஸில் பெய்யியும் எடின்பரோவில் ஜான் பிளேஃபேரும் அலசினார்கள். கலியுகத் தொடக்கத்துக்கு அவை காட்டும் நிலவின் இடம், வேகம் கூடிவருகிறது என்ற கருத்தோடு ஒத்துப்போகிறது என்று அவர்கள் வாதிட்டார்கள். ஐயாயிரம் ஆண்டு முன்பே வானைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார்கள் என்றும் முடிவு கட்டினார்கள். அந்த முடிவு நிற்கவில்லை. கலியுகத் தொடக்கம் பிற்காலத்தில் பின்னோக்கிக் கணிக்கப்பட்டது என்று லாப்லாஸே பிறகு எழுதினார். நம் கணிதர்களின் திறமைக்கு அந்தப் பழமை தேவையும் இல்லை. சோழிகளை நகர்த்தி லெ ழான்தீலுக்குப் போட்டுக் காட்டப்பட்ட 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் நீளம், உண்மையிலிருந்து 41 விநாடிதான் தவறியது. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான டோபியாஸ் மேயருடையது 68 விநாடி தவறியது.

நிலவு ஏன் வேகம் பிடிக்கிறது என்ற கேள்விக்கு 1787இல் லாப்லாஸ் விடை கண்டார். மற்ற கோள்களின் ஈர்ப்பால் பூமிப் பாதையின் நீள்மை மெல்லக் குறைந்துவருகிறது. அதனால் நிலவின்மேல் சூரியனின் சராசரிக் குறுக்கீடு சற்றுத் தளர்கிறது. தளர்ந்த அளவுக்கு நிலவு பூமியை நெருங்கி விரைகிறது. கணக்குப் போட்டார், ஏறக்குறைய அதே 10 விகலை வந்தது. பல்லாயிரம் ஆண்டுகளில் நீள்மை மறுபடி கூடும், நிலவும் வேகம் குறையும், எல்லாம் ஓர் ஊசலாட்டம்தான் என்றார். ஈர்ப்பு விதியின் மகுடத்தில் இன்னொரு மணி என்று உலகம் கொண்டாடியது.

1853இல் கேம்பிரிட்ஜின் ஜான் கவுச் ஆடம்ஸ் அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டார். நெப்டியூன் கணிப்பில் லெ வெரியேயோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் அதே ஆடம்ஸ். பூமிப் பாதையின் நீள்மை மாறிக்கொண்டிருப்பதைக் கணக்கின் இறுதியில் மட்டும் சேர்த்தால் போதாது, தொடக்கத்திலிருந்தே சேர்க்க வேண்டும் என்றார். லாப்லாஸும் அவருக்குப் பின் வந்தவர்களும் அதைச் செய்யவில்லை. அப்படிச் சேர்த்ததும் தொடரின் இரண்டாவது உறுப்பு மாறியது. இத்தாலியில் பிளானா கண்டிருந்த பின்னம் 2187/128; ஆடம்ஸ் கண்டது 3771/64. மூன்று மடங்குக்கும் மேல். இந்த உறுப்பு கழிக்கப்பட வேண்டியது என்பதால் மொத்தம் 10 விகலையிலிருந்து 6 விகலைக்கு அருகில் இறங்கிவிட்டது.

அதாவது, ஈர்ப்பு விதியால் விளக்க முடிந்தது பாதிக்குச் சற்று அதிகம். மிச்சத்துக்குக் காரணம் எதுவுமே இல்லை.

எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. பிளானா முதலில் ஏற்பதுபோல் தோன்றிப் பின் மறுத்தார். பிரெஞ்சு வானியலாளர் பொந்தேகூலான் கொதித்தெழுந்தார், இதை ஏற்றால் நிலவுக் கோட்பாடு முழுவதுமே ஐயத்துக்குள்ளாகும் என்றார். தம் எண்வழிக் கணக்கில் 12 விகலைக்கும் மேல் பெற்ற ஹான்சனின் அட்டவணைகளோ பழைய கிரகணங்களோடு நன்றாகவே பொருந்தின. அப்படியிருக்க, எங்கோ ஓர் உறுப்பில் ஒரு பின்னம் மாறியதற்காக எல்லாவற்றையும் ஏன் கலைக்க வேண்டும்?

1859இல் தெலோனே தம் விடையைச் சொன்னார். அவருடைய வழிக்கும் ஆடம்ஸின் வழிக்கும் தொடர்பே கிடையாது. நூற்றுக்கணக்கான நீக்கங்களின் ஊடாக நடந்துவந்த தெலோனே, அந்த உறுப்பை அடைந்தபோது அவர் தாளில் நின்ற பின்னம் 3771/64.

இந்த ஒரு வரிக்காகவே தெலோனேயைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். இரண்டு நாட்டார், இரண்டு முறைகள், ஒரே பின்னம். ஹான்சனின் வழியில் இப்படி ஒரு சந்திப்பு நடக்கவே முடியாது. அங்கே கடைசியில் வருவது ஒரே ஓர் எண். அது தவறு என்றால் எங்கே தவறியது என்று கைநீட்டிக் காட்ட வழியில்லை. தெலோனே அங்கேயே நிற்கவும் இல்லை. ஆடம்ஸ் போகாத உயர் வரிசைகளுக்கும் போய், மொத்தம் 6.11 விகலை என்று முடித்தார்.

லெ வெரியே அப்போது பாரிஸ் வான் ஆய்வகத்தின் இயக்குநர். நாட்டின் அறிவியல் உலகில் அவரை எதிர்த்து நிற்க அஞ்சாதவர் குறைவு. அவர் கழகத்தில் ஹான்சன் பக்கம் நின்றார். ஒரு வானியலாளனின் கோட்பாடு முதலில் அவதானிப்புகளோடு பொருந்த வேண்டும். ஹான்சனுடையது பொருந்துகிறது, தெலோனேயுடையது பொருந்தவில்லை. ஆகவே உண்மை ஹான்சன் பக்கம் என்பது அவர் வாதத்தின் சாரம். மேலோட்டமாகப் பார்த்தால் மறுக்க முடியாத வாதம். கண்ணால் காண்பதோடு பொருந்தாத கணக்கை யார் ஏற்பார்கள்? ஆனால் தெலோனே சொன்னது வேறு. ஈர்ப்பு விதியிலிருந்து இவ்வளவுதான் வரும்; வானத்தில் அதைவிட அதிகம் தெரிகிறது என்றால் நாம் இன்னும் எண்ணிப் பார்க்காத வேறொரு காரணம் இருக்கிறது. பொருந்த வேண்டும் என்பதற்காகக் கணக்கை வளைப்பவர்களுக்கு அந்தக் காரணம் ஒருநாளும் கண்ணில் படாது. லெ வெரியே மாபெரும் கணக்கர்; அதில் எனக்கு ஐயமில்லை. இந்த வழக்கில் அவர் தவறான பக்கம் நின்றார், பதவியின் பலத்தோடு நின்றார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வேறொரு காரணத்தை 1865 டிசம்பரில் தெலோனேயே முன்வைத்தார். நிலவு கடலை மேலெழுப்புகிறது. பூமி தன்னைத்தானே விரைவாகச் சுழல்வதால் அந்த நீர்மேடு நிலவுக்கு நேர் கீழே நிற்பதில்லை, சற்று விலகி நிற்கிறது. விலகிய மேட்டை நிலவு பின்னுக்கு இழுக்கிறது. பூமியின் சுழற்சிக்கு அது ஒரு தடையாகிறது. நாள் மெல்ல நீள்கிறது. நாளைக் கொண்டே எல்லாக் காலத்தையும் அளக்கும் நமக்கு, நம் கடிகாரம் தளர்வது தெரிவதில்லை. நிலவு வேகம் பிடிப்பதாகத் தெரிகிறது. கடல் ஓதம் பூமியைத் தளர்த்தும் என்று கான்ட் 1754இலேயே எழுதியிருந்தார். அமெரிக்காவில் வில்லியம் ஃபெரல் அதே காலத்தில் தனியாக இதே முடிவுக்கு வந்தார். நிலவுக் கணக்கில் ஒரு குறிப்பிட்ட அளவு இடைவெளி இருக்கிறது, அதை இதைக் கொண்டு நிரப்பலாம் என்று தெலோனேயால் காட்ட முடிந்ததற்கு அடியில் இருபது ஆண்டு உழைப்பு இருந்தது.

இன்று இதில் ஐயம் இல்லை. அப்பல்லோ பயணிகள் நிலவில் வைத்த எதிரொளிப்பான்களில் லேசர் பாய்ச்சி அளந்ததில், நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகுகிறது. நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 2 மில்லி விநாடி நாள் நீள்கிறது. கி.மு. 136 ஏப்ரல் 15 அன்று முழுச் சூரிய கிரகணம் கண்டதாகப் பாபிலோனியக் களிமண் பலகைகள் சொல்கின்றன. பூமி இன்றுள்ள சீரிலேயே எப்போதும் சுழன்றிருந்தால் அந்த நிழல் பாபிலோனுக்கு ஏறத்தாழ 49 பாகை மேற்கே விழுந்திருக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்கும் மேலான அந்த வேறுபாடு, மில்லி விநாடிகள் சேர்ந்து சேர்ந்து வந்தது. தெலோனே இறந்து சரியாக நூறாண்டுக்குப் பின், 1972இல், உலகக் கடிகாரங்களில் முதன்முறையாக ஒரு லீப் விநாடி சேர்க்கப்பட்டது.

ஆடம்ஸுக்கு 1866இல் ராயல் வானியல் கழகம் தங்கப் பதக்கம் அளித்தது. தெலோனேக்கு அதே பதக்கம் 1870இல் கிடைத்தது. அந்த ஆண்டு அவர் வாழ்க்கையில் வேறொன்றும் நடந்தது. ஊழியர்களை லெ வெரியே நடத்திய விதம் பொறுக்காமல் ஆய்வகத்தின் வானியலாளர்கள் கூட்டாகக் கிளர்ந்தெழ, பிப்ரவரியில் அரசு அவரை நீக்கியது. அடுத்த மாதம் அந்த நாற்காலியில் தெலோனே அமர்ந்தார். எப்படிப்பட்ட காலத்தில்! ஜூலையில் பிரஷ்யாவோடு போர். செப்டம்பரில் பாரிஸ் முற்றுகை. ஜனவரி வரை நகரம் பசியில் கிடந்தது. மார்ச்சில் கம்யூன் எழுச்சி.

துப்பாக்கிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்த அந்த நகரத்துக்கு ஒருவர் நிலவுக்காக வந்து சேர்ந்தார். அமெரிக்க வானியலாளர் சைமன் நியூகோம்ப். முந்தைய டிசம்பரில் ஜிப்ரால்டரில் சூரிய கிரகணம் பார்த்துவிட்டு ஐரோப்பாவைச் சுற்றி மனைவியோடு வந்திருந்தார். ஹான்சனின் அட்டவணைகள் 1750க்குப் பிந்தைய நிலவோடு அருமையாகப் பொருந்துகின்றனவே, அதற்கு முந்தைய நிலவோடும் பொருந்துமா என்பதே அவருடைய கேள்வி. நிலவு விண்மீன்களை மறைத்த நேரங்களைப் பாரிஸ் ஆய்வகத்தின் முன்னோர் குறித்து வைத்திருக்கலாம் என்று அவருக்கு நம்பிக்கை. தெலோனே பழைய கையெழுத்துக் குறிப்பேடுகளை எல்லாம் அவருக்குத் திறந்துவிட்டார். வெளியே உள்நாட்டுச் சண்டை நடக்க, நியூகோம்ப் உள்ளே உட்கார்ந்து, யாரும் கணக்கில் எடுக்காமல் கிடந்த 17ஆம் நூற்றாண்டு அவதானிப்புகளைப் பிரதி எடுத்தார். நிலவைப் பற்றிய நம்பகமான அறிவு அதனால் 75 ஆண்டுகள் பின்னுக்குப் போனது. ஹான்சனின் அட்டவணைகள் அங்கே பொருந்தவில்லை. பொருத்தமே சான்று என்று லெ வெரியே சொன்ன வாதத்தின் அடித்தளம், லெ வெரியே ஆண்ட ஆய்வகத்தின் அலமாரியிலிருந்தே சரிந்தது.

தெலோனேயை மிக அன்பான மனிதர் என்று நியூகோம்ப் பிற்காலத் தன்வரலாற்றில் நினைவுகூர்ந்தார். மே மாதக் கடைசியில் சண்டை ஆய்வக வளாகத்துக்குள்ளேயே வந்து கருவிகளுக்குச் சேதம் விளைவித்தது. சிதைந்ததைச் செப்பனிட்டு ஆய்வகத்தைத் திரும்ப எழுப்பும் வேலையில் தெலோனே ஓராண்டு கழித்தார். நிலவுக் கோட்பாட்டின் மூன்றாம் தொகுதி காத்திருந்தது. கோள்களின் குறுக்கீட்டைச் சேர்த்து, எழுத்துகளின் இடத்தில் கடைசியாக எண்களைப் போட்டு அட்டவணையாக்க வேண்டிய தொகுதி அது.

1872 ஆகஸ்ட் 5 அன்று செர்பூர் துறைமுகத்துக்கு அருகே அவர் சென்ற படகு கவிழ்ந்தது. தெலோனே நீரில் மூழ்கி இறந்தார். வயது 56. மறு ஆண்டு லெ வெரியே மீண்டும் இயக்குநரானார். நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்ட அதே செப்டம்பர் 23இல், 1877இல் அவரும் மறைந்தார். ஈஃபில் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 பெயர்களில் இருவர் பெயரும் உண்டு, வேறு வேறு பக்கங்களில்.

தெலோனேயின் கோட்பாட்டில் குறையே இல்லையா? உண்டு, பெரிய குறை. அண்மைப்புள்ளிக்கான அந்தத் தொடரையே மறுபடி பாருங்கள். வேக விகிதம் ஏறத்தாழ 1/13. அடுக்கு ஏற ஏற அது சுருங்குகிறது. ஆனால் முன்னால் நிற்கும் பின்னம் பருத்துக்கொண்டே வருகிறது. முதல் உறுப்பு தருவது தேவையானதில் ஏறக்குறைய பாதி. இரண்டாவது மூன்றில் ஒரு பங்கு. நான்கு உறுப்புகளைக் கூட்டினாலும் நூற்றுக்கு 98 சொச்சத்தில்தான் நிற்கிறோம். அதற்குமேல் ஒவ்வொரு புதிய உறுப்பும் முந்தையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குத்தான் சுருங்குகிறது, அதைப் பெறும் உழைப்போ பன்மடங்காகிறது. இருபது ஆண்டு போட்ட பிறகும் கப்பலோட்டிக்கும் கிரகணம் கணிப்பவருக்கும் வேண்டிய துல்லியம் சில இடங்களில் கிட்டவில்லை. விட்டுப்போன வேலையை மற்றவர்கள் முடித்து, ரோடோல்ஃப் ரதோ அந்தக் கோட்பாட்டின்படி அட்டவணைகள் வெளியிட்டபோது ஆண்டு 1911. பிரான்சின் வானியல் பஞ்சாங்கம் அவற்றைச் சில காலம் பயன்படுத்தியது. அதற்குள் அமெரிக்காவில் எர்னஸ்ட் பிரவுனின் அட்டவணைகள் உருவாகிக்கொண்டிருந்தன.

ஆனால் முறை தங்கியது. ஓர் உறுப்பை நீக்க மாறிகளையே மாற்றுவது என்ற அந்த யோசனை புவாங்காரே முதலானோர் கையில் வான் இயக்கவியலின் பொது மொழியானது. பாதையை விவரிக்க அவர் எடுத்துக்கொண்ட ஆறு அளவுகள், மூன்று கோணங்களும் அவற்றின் இணைகள் மூன்றும், இன்று ‘தெலோனே மாறிகள்’. ஸ்புட்னிக் பறந்து இரண்டு ஆண்டுகளில், 1959இல், பூமியின் தட்டை வடிவம் செயற்கைக்கோளின் பாதையை எப்படி நெளிக்கும் என்ற கேள்வியை யேல் பல்கலைக்கழகத்தின் டிர்க் பிரவுவர் தீர்த்தபோது எடுத்தாண்டது இதே மாறிகளைத்தான். தலைக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோள்களைப் பின்தொடரும் கணிப்பு நிரல்களில் அந்தத் தீர்வின் வழித்தோன்றல்கள் இன்றும் ஓடுகின்றன.

அந்த 1,800 பக்கங்கள் சரிதானா என்பதை ஒரு நூற்றாண்டு வரை யாரும் முழுதாகப் பார்க்கவில்லை. பார்க்க இன்னோர் இருபது ஆண்டு வேண்டுமே! 1970இல் சியாட்டிலில் போயிங் நிறுவனத்தின் அறிவியல் ஆய்வுக்கூடத்தில் ஆந்த்ரே தெப்ரி, ஜாக் ஆன்ரார், ஆர்னால்ட் ரோம் மூவரும் எழுத்துகளைக் கொண்டே கணக்குப் போடும்படி ஒரு கணினிக்குக் கற்றுக்கொடுத்து, தெலோனேயின் வேலையைத் திரும்பச் செய்ய வைத்தார்கள். இயந்திரத்துக்குப் பிடித்தது இருபது மணி நேரம். கண்ட பிழைகள் மூன்று. அவற்றில் இரண்டு, முதல் பிழை இழுத்துக்கொண்டு வந்தவை.

தெலோனே இறந்தபோது அமெரிக்காவில் முப்பத்து நான்கு வயது ஜார்ஜ் வில்லியம் ஹில், அரசின் கப்பல் பஞ்சாங்க அலுவலகத்தில் கணக்கராக இருந்தார். கூச்ச சுபாவம், கூட்டத்தைக் கண்டால் ஒதுங்குவார், நியூயார்க் மாநிலத்தில் தம் குடும்பப் பண்ணையிலிருந்தே வேலை பார்க்க விரும்புவார். தெலோனேயை ஆழ்ந்து படித்தவர். அண்மைப்புள்ளித் தொடர் ஏன் இவ்வளவு மெல்ல நெருங்குகிறது என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு, நீள்வட்டத்திலிருந்து தொடங்குவதே தவறு என்று முடிவு செய்தார். 1877இல் தம் சொந்தச் செலவில் ஒரு சிறு கட்டுரையை அச்சிட்டார். தெலோனே பின்னம் பின்னமாக நெருங்கிக்கொண்டிருந்த அந்த எண் அதில் பதினைந்து இலக்கம் வரை இருந்தது. அதை அவர் எப்படிப் பெற்றார் என்பது அடுத்த பகுதியில்.

(தொடரும்)